சூடு கேட்காத ஊரில் ஹீட்டர் ஹோஸ்

மலாக்கா நகருக்கு வடக்கே இருக்கும் பாயா ரும்புட்டில் குளிர் என்று சொல்லத்தக்க நேரம் விடியலுக்கு முந்திய ஒரு மணி நேரம்தான். அப்போதும் வெப்பமானி 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டு பாகை தள்ளி, கடற்காற்று எட்டும் தூரத்தில் இருக்கும் ஊர். மலாயில் பாயா என்றால் சதுப்பு, ரும்புட் என்றால் புல். ஈரமும் வெக்கையும் பெயரிலேயே இருக்கின்றன. இங்கே குளிர் தாங்காமல் காரில் ஹீட்டர் போட்டவர் யாராவது இருந்தால் அது வியப்புக்குரிய செய்திதான்.

ஆனாலும், ஹீட்டரோடு வந்த பழைய மோரிஸ் மைனர் ஒன்றின் பொனட்டைத் தூக்கிப் பார்த்தால், விரல் தடிமனில் இரண்டு கறுப்பு ஹோஸ்கள் எஞ்சினைச் சுற்றி ஓடுவது தெரியும். ஒன்று எஞ்சினின் பின்நுனியில் புறப்பட்டு, பயணிகள் பகுதியைப் பிரிக்கும் தடுப்புத் தகட்டைத் துளைத்து உள்ளே போகும். மற்றொன்று அதே தகட்டிலிருந்து வெளியே வந்து, எஞ்சின் நெடுகிலும் ஊர்ந்து, முன்னால் ரேடியேட்டரின் கீழ்க் குழாயோடு சேரும். எழுபது ஆண்டுகளில் பல கைகள் பட்டிருக்கும். ஒரு துண்டு பழுப்பு, ஒரு துண்டு பச்சை, நடுவில் கம்பி கட்டு, இடையிடையே துருப்பிடித்த கிளிப். காரைப் புதுப்பிக்க நினைப்பவரின் கண்ணை முதலில் உறுத்துவது இந்த இரண்டு ஹோஸ்கள்தான்.

“நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு தம்பி, ரெண்டையும் கழட்டி எறிஞ்சிட வேண்டியதுதானே” என்பது பட்டறையில் மூத்த போமன்கள் சட்டென்று சொல்லும் யோசனை. மலேசியாவில் மெக்கானிக்குக்குப் போமன் என்று பெயர். ஃபோர்மேன் என்ற ஆங்கிலச் சொல் மலாய் நாவில் உருண்டு வந்த வடிவம் அது. அந்த யோசனையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைச் செய்யலாமா கூடாதா என்பதை ஊரின் வெயில் முடிவுசெய்வதில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் எந்த வழியாகச் சுற்றுகிறது என்பதே முடிவுசெய்கிறது. ஹீட்டர் ஹோஸை அழகுக்காக இடம் மாற்றுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, ஓர் எஞ்சினின் இரத்த ஓட்டத்தில் கை வைக்கிறார்.

மோரிஸ் மைனர் 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கார் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்பாடு மினி காரைப் படைத்தவரும் அவரே. பிரிட்டனில் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் கார் மாதிரி இது. மொத்தத்தில் பதினாறு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. மலாயாவுக்கும் சிலோனுக்கும் கப்பலேறிய மைனர்கள் ஏராளம். இலங்கையில் இந்தக் கார் மீதான பற்று இன்றுவரை குறையவில்லை. மைனருக்கான உதிரிபாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பும் தொழிற்கூடம்கூடத் தென்னிலங்கையில் தோன்றியது. பிறந்த நாட்டில் செய்வதை நிறுத்திவிட்ட பாகங்கள் வெப்ப நாட்டிலிருந்து திரும்பிப் போன கதை அது.

முதல் மைனர்களில் ஹீட்டர் இல்லை. காரணம் சிக்கனம் மட்டுமில்லை, இயற்பியலும்தான். அவற்றில் தண்ணீர்ப் பம்ப்பே கிடையாது! சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறிய தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். இந்த எடை வேறுபாடே தண்ணீரைச் சுற்ற வைத்தது. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி காரும் இந்த முறையில்தான் குளிர்ந்தது. அடுப்பில் வைத்த பானையில் பருப்பு கீழிருந்து எழும்பி மேலே வந்து விளிம்போரம் இறங்குகிறதே, அதே சுழற்சி. ஆனால் அந்தச் சுழற்சிக்கு வலு குறைவு. ஒல்லியான குழாய்க்குள் தண்ணீரைத் தள்ளி, காருக்குள் கொண்டுபோய், திரும்ப இழுத்துவர அதனால் முடியாது. 1950-இன் இறுதிவாக்கில் மைனருக்குத் தண்ணீர்ப் பம்ப் வந்தது. அதன் பிறகுதான் ஹீட்டரையும் விருப்ப உபகரணமாக விற்க முடிந்தது. ஹீட்டர் ஹோஸ் என்பது பம்ப்பின் பிள்ளை என்று சொன்னால் தப்பில்லை. இந்த உறவை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

1956-இல் வந்த மைனர் 1000-ஐ எடுத்துக்கொள்வோம். 948 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின், 37 குதிரைத்திறன். கிலோவாட்டில் சொன்னால் 27-க்குச் சற்று மேல். அந்தக் காலத்துப் பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும். மீதியில் பெரும்பகுதி புகையோடு போகும். ஏறத்தாழ சக்கரத்துக்குப் போகும் அளவுக்குச் சமமான வெப்பம் தண்ணீரில் இறங்கும். ஆக, முழு வேகத்தில் ஓடும்போது இந்தச் சிறிய எஞ்சின் தண்ணீருக்குக் கொடுக்கும் வெப்பம் 27 கிலோவாட் அளவு. வீட்டு மின்கெண்டி ஒன்று 2 கிலோவாட். பொனட்டுக்கு அடியில் பதின்மூன்று கெண்டிகள் ஒரே நேரத்தில் கொதித்துக்கொண்டிருப்பதாக எண்ணிப் பார்க்கலாம்.

இவ்வளவு வெப்பத்தையும் சுமப்பது 5 லிட்டரைச் சற்றே தாண்டும் தண்ணீர். ரேடியேட்டரில் நுழையும் தண்ணீருக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் 10 பாகை வித்தியாசம் இருக்க வேண்டுமானால், நிமிடத்துக்கு 40 லிட்டர் அளவு ஓட வேண்டும். அதாவது காரில் இருக்கும் தண்ணீர் முழுவதும் நிமிடத்தில் ஏழெட்டு முறை வலம் வர வேண்டும். கடையில் தே தாரிக் ஆற்றுகிறவர் இரண்டு குவளைக்கும் இடையே தேநீரை நீட்டி இழுத்து, மெல்லிய தாரையாக்கி, காற்றுக்கு அதிகப் பரப்பைக் காட்டுகிறார். ரேடியேட்டரும் அதையேதான் செய்கிறது. நூற்றுக்கணக்கான மெல்லிய தகடுகளுக்கு நடுவே தண்ணீரைப் பிரித்து விட்டுக் காற்றைக் குறுக்கே ஓட விடுகிறது.

இப்போது தண்ணீரின் வழியை விரல் வைத்துத் தொடரலாம். பம்ப் எஞ்சினின் முன்பக்கம் இருக்கிறது. அது ரேடியேட்டரின் அடியிலிருந்து ஆறிய தண்ணீரை உறிஞ்சி, சிலிண்டர்களைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் தள்ளுகிறது. தண்ணீர் மேலேறி சிலிண்டர் ஹெட்டுக்குள் நுழைந்து, மறுபடி முன்பக்கம் வந்து, தெர்மோஸ்டாட் வழியாக ரேடியேட்டரின் தலைக்குப் போகிறது. நுழைவதும் முன்னால், வெளியேறுவதும் முன்னால். பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டர் பம்ப்புக்கு மிகத் தூரம். நெடுங்காலமாகத் தூர்வாராத எஞ்சினில் துருவும் சேறும் போய்த் தங்குவதும் அந்தப் பின்மூலையில்தான்.

அந்த மூலைக்கு மேலேதான், ஹெட்டின் பின்நுனியில், ஹீட்டர் வால்வு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஸ்டட், ஒரு கேஸ்கெட், ஒரு சிறிய வால்வு. அதைத் திறந்தால் பின்மூலையில் தேங்க இருந்த சூட்டுத் தண்ணீருக்குத் தனி வழி கிடைக்கிறது. அது ஹீட்டருக்குப் போய், பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்புகிறது. ஏ-சீரிஸ் எஞ்சினைப் பந்தயத்துக்குக் கட்டுபவர்களில் பலர், காரில் ஹீட்டரே இல்லாவிட்டாலும், இந்தப் பின்வாசலை மூடாமல் ஒரு குழாய் வைத்துத் தண்ணீரை வெளியே எடுப்பது இதனால்தான். குளிர் நாட்டுக்காரர் கால் காய வைத்த குழாய், எஞ்சினின் கடைக்கோடிக்கு ஒரு வடிகாலாகவும் வேலை செய்கிறது.

பழைய கார் ஓட்டிகளுக்கு இன்னொரு கைமருந்தும் தெரியும். நெரிசலில் எஞ்சின் கொதிக்கத் தொடங்கினால் ஹீட்டரை முழுவதும் திறந்து விசிறியைப் போடுவார்கள். ஹீட்டர் பெட்டிக்குள் இருப்பது ஒரு குட்டி ரேடியேட்டர். அதன் விசிறி எஞ்சின் வேகத்தை நம்பி இல்லை. விடுமுறை நாளில் ஆயர் கெரோ டோல் சாவடியை விட்டு மலாக்கா நகருக்குள் ஊர்ந்து போகும் வரிசையில், 33 பாகை வெயிலில், கண்ணாடியெல்லாம் இறக்கி, கால்மேல் அனல் அடிக்க உட்கார்ந்திருப்பது கொடுமைதான். ஆனால் ஹெட் கேஸ்கெட்டைக் காப்பாற்றும் கொடுமை.

தெர்மோஸ்டாட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெப்ப நாடுகளில் இதைப் போல் அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட பாகம் வேறில்லை. குறிப்பிட்ட சூடு வரும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும் வால்வு இது. அதன் உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரியும்போது வழி திறக்கிறது. ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு மூன்று வகை இருந்தன. குளிர் நாட்டுக்கு 88 பாகை, சாதாரணத்துக்கு 82, வெப்ப நாட்டுக்கு 74. தயாரித்தவர்களே நம் வெயிலை எண்ணி 74 என்று ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். ஆனால் “சூடான ஊர், இது எதற்கு” என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் சர்வசாதாரணம். எஞ்சின் தேவையான சூட்டை எட்டாமலே ஓடினால் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. சிலிண்டர் சுவரில் படிந்து எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எண்ணெயில் ஈரம் தங்கிச் சேறாகும். தேய்மானம் கூடும். ஊர் சூடாக இருப்பது வேறு, எஞ்சின் சூடாக இருப்பது வேறு. 30 பாகைக் காற்றும் 82 பாகைத் தண்ணீரும் ஒன்றுக்கொன்று பதிலாக முடியாது.

தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரத்தில் பம்ப் தள்ளும் தண்ணீர் எங்கே போகும்? ஏ-சீரிஸில் ஹெட்டுக்கும் பம்ப்புக்கும் நடுவே கட்டைவிரல் நீளத்தில் ஒரு குட்டி ஹோஸ் இருக்கிறது. அதற்குப் பைபாஸ் என்று பெயர். ஹெட்டைக் கழற்றாமல் அதை மாற்ற முயன்ற எவரும் அந்த நாளை மறப்பதில்லை. இடுக்கு அவ்வளவு குறுகல். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை தண்ணீர் இதன் வழியாக எஞ்சினுக்குள்ளேயே சுற்றி, எல்லா மூலையையும் ஒரே சீராகச் சூடாக்குகிறது.

எல்லா எஞ்சினிலும் இப்படித் தனிப் பைபாஸ் இல்லை என்பதுதான் முக்கியம். சில எஞ்சின்களில் ஹீட்டர் வழியே பைபாஸ். வேறு சிலவற்றில் தெர்மோஸ்டாட் பம்ப்பின் நுழைவாயிலில் இருக்கும். ஹீட்டர் வழியாகச் சுற்றி வரும் சூட்டுத் தண்ணீர் தொட்டால்தான் அதன் மெழுகுக்கு எஞ்சின் சூடாகிவிட்ட செய்தி போய்ச் சேரும். அப்படிப்பட்ட எஞ்சினில் ஹீட்டர் ஹோஸைக் கழற்றி இரண்டு முனையையும் அடைத்தால், உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது ரேடியேட்டர் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். குற்றம் பம்ப்பின் மேலும் ரேடியேட்டரின் மேலும் விழும். அழகுக்காக அடைத்த வழி யாருக்கும் நினைவுக்கு வராது.

பொனட்டுக்கு அடியில் ஒழுங்கு வேண்டும் என்று நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஹீட்டரையே எடுத்துவிடுவது. மைனரைப் பொறுத்தவரை இது நேர்மையான தீர்வு. ஹீட்டர் வாங்காதவர்களுக்காகத் தொழிற்சாலையே ஹெட்டின் பின்வாசலில் ஒரு மூடித் தகடு போட்டு அனுப்பியது. அந்தத் தகடும் புது கேஸ்கெட்டும் போட்டு, கீழ்க் குழாயில் இருக்கும் கிளையையும் சரியாக அடைத்தால் போதும். தனிப் பைபாஸ் இருப்பதால் சுழற்சி கெடாது. பின்மூலை வடிகால் ஒன்று போகிறது, அவ்வளவே; சேறு வாரிச் சுத்தப்படுத்திய எஞ்சினில் சாதாரண ஓட்டத்துக்கு அது குறையாகத் தெரியாது.

இரண்டாவது வழி பட்டறைகளில் அதிகம் நடப்பது, மூன்றிலும் மோசமானதும் அதுதான். ஹீட்டரை விட்டுவிட்டு, போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் ஒன்றாக இணைத்து விடுவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் தண்ணீருக்கு எப்போதும் எளிய வழிதான் பிடிக்கும். வால்வு திறந்திருந்தால், ஹெட்டிலிருந்து கிளம்பும் சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல், துளியும் ஆறாமல், நேரே பம்ப்புக்குத் திரும்பும். 13 மில்லிமீட்டர் ஹீட்டர் ஹோஸின் வாய்ப்பரப்பு, 32 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஹோஸின் வாய்ப்பரப்பில் ஆறில் ஒன்று. சிறியதுதான். ஆனால் பின்னாளில் பொருத்திய ஏர்கோனுக்காக ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கண்டென்சரை நிறுத்தி, அதன் அனலையும் ரேடியேட்டர் மீது வீச வைத்த காரில் அந்த ஆறில் ஒன்றும் கணக்கில் வரும்.

மூன்றாவது வழி, ஹீட்டரையும் ஓட்டத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு ஹோஸ்களின் பாதையை மட்டும் மாற்றுவது. வேலை அதிகம். செய்ய வேண்டியதும் இதுதான்.

அதைச் செய்யும் முன், கையில் இருக்கும் ஹோஸைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். மலாக்காவில் நின்றுகொண்டு ரப்பரைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1896-இல், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் எச். என். ரிட்லியின் தூண்டுதலால், தான் சே யான் என்ற சீன வணிகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அது. அடுத்து அவரே புக்கிட் அசாஹானில் பெருந்தோட்டம் போட்டார். அவை தொடங்கிவைத்த தொழிலுக்கு ஆள் தேடித்தான் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் வந்தார்கள். இருட்டோடு எழுந்து, நிரை பிடித்துப் பால்மரம் வெட்டி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சுமந்து, ஒட்டுப்பாலைக்கூட விடாமல் உருவிச் சேர்த்த கைகள் அவர்களுடையவை. புக்கிட் லிந்தாங் தோட்டத்தின் பெயரிலும் பாயா ரும்புட்டின் பெயரிலும் இன்றும் தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. உலகமெங்கும் ஓடிய கார்களின் டயரிலும் ஹோஸிலும் இந்த மண்ணின் பால் கலந்திருந்தது.

ஆனால் இன்று கடையில் வாங்கும் நல்ல ஹீட்டர் ஹோஸில் மரத்துப் பால் கிடையாது. பழைய ஹோஸ்கள் இயற்கை ரப்பரில், உள்ளே பருத்தித் துணி அடுக்கு வைத்துச் செய்யப்பட்டவை. இயற்கை ரப்பரின் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. காற்றில் சொற்ப அளவில் கலந்திருக்கும் ஓசோன் வாயு தேடித் தாக்குவது அந்த இரட்டைப் பிணைப்பைத்தான். பழைய ஹோஸ் ஒன்றைக் கழற்றி வளைத்துப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். வளைவின் வெளிப்பக்கம், இழுபட்டு நிற்கும் தோலில், குறுக்கே குறுக்கே நுண்ணிய வெடிப்புகள், கோடையில் வெடித்த வயல் போல. உட்பக்க வளைவு வழவழப்பாகவே இருக்கும். இழுவை இருக்கும் இடத்தில்தான் ஓசோன் வாய் வைக்கிறது.

1960-களில் சந்தைக்கு வந்த ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரில் முதுகெலும்புச் சங்கிலி முழுக்க ஒற்றைப் பிணைப்பு. இறுக்கிப் பதப்படுத்தத் தேவையான கொஞ்ச இரட்டைப் பிணைப்புகள் பக்கக் கிளைகளில் ஒதுங்கியிருக்கின்றன. கிளை முறிந்தாலும் முதுகு முறியாது. அதனால் ஓசோனையும் சூட்டையும் இது பல மடங்கு தாங்குகிறது. முக்கிய எதிரி எண்ணெய். எஞ்சின் எண்ணெய் ஒழுகி மேலே பட்டுக்கொண்டே இருந்தால் ஈபிடிஎம் ஊறி உப்பி, அழுத்தினால் பஞ்சு போலாகிவிடும். ராக்கர் மூடியின் கார்க் கேஸ்கெட் கசியும் பழைய எஞ்சினில், ஹோஸை அதற்கு அடியில் படுக்க வைப்பது புத்திசாலித்தனமில்லை. கண்ணைப் பறிக்கும் நீல, சிவப்பு நிறச் சிலிக்கோன் ஹோஸ்கள் அதிகச் சூட்டைத் தாங்கும், ஆனால் மென்மையானவை. கூரான தகட்டு விளிம்பு உரசினால் அறுந்துபோகும். சாதாரணத் திருகு கிளிப்பின் பல்லிடுக்கில் பிதுங்கிக் கிழியும். அவற்றுக்கு உட்புறம் வழவழப்பான பட்டை கிளிப்தான் பொருந்தும். பெட்ரோலும் எண்ணெயும் சிலிக்கோனுக்கும் ஆகாது.

பாதை மாற்றும்போது முதல் பகை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. ஏற்றத்தில் முக்கி ஏறும்போது அதன் இரும்பு பல நூறு பாகைக்குச் சூடாகும், அங்கிருந்து கதிர்வீச்சாகவே அனல் பாயும். ரசாயன மாற்றங்கள் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகின்றன என்பது வேதியியலில் பழகிய தோராயக் கணக்கு. ரப்பர் மூப்படைவதும் ரசாயன மாற்றம்தான். ஹோஸை நான்கு விரற்கடை தள்ளி, மேனிஃபோல்டுக்கு எதிர்ப்பக்கமாக, ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கத்து உட்சுவரை ஒட்டிக் கொண்டுபோனால் அதன் ஆயுள் பல ஆண்டுகள் கூடலாம். அந்தப் பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டரும் மின்கம்பிகளும் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. கிளிப் இருக்கும் மூட்டு எதுவும் அவற்றுக்கு நேர் மேலே வரக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விழுந்தால் கார் நடுவழியில் நிற்கும்.

வளைவு அடுத்தது. நேரான ஹோஸை வாங்கி இஷ்டத்துக்கு மடக்கினால் நடுவில் நசுங்கும். 13 மில்லிமீட்டர் ஹோஸுக்கு வளைவின் ஆரம் பொதுவாக 6 சென்டிமீட்டராவது வேண்டும். நசுங்கிய இடத்தில் குழாயின் வாய்ப்பரப்பு குறையும். ஓட்டம் அதைவிடவும் கூடுதலாகக் குறையும், ஏனென்றால் குறுகிய வாயில் உராய்வு ஏறுகிறது. அதனால் திருப்பம் வரும் இடத்தில் தொழிற்சாலையிலேயே வளைத்து வார்த்த முழங்கை ஹோஸ், நேராக ஓடும் இடத்தில் செம்பு அல்லது எஃகுக் குழாய் என்று கலந்து போடுவதே நல்ல கைவேலை. செம்புக் குழாயின் நுனியில் ஒரு சிறு மேடு வளையம் எழுப்பியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அழுத்தத்தில் ஹோஸ் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். கிளிப்பை அந்த மேட்டின் மேல் இறுக்குவது பலர் செய்யும் தப்பு. மேட்டைத் தாண்டி உட்பக்கம், ஹோஸின் நுனியிலிருந்து ஒரு சுண்டுவிரல் நகம் அளவு தள்ளித்தான் கிளிப் உட்கார வேண்டும்.

எஞ்சின் ஆடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அது ரப்பர் மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச் விடும்போது ஒரு பக்கம் சாயும், நிற்கும்போது நடுங்கும். காரின் உடல் அசையாது. எஞ்சினில் கட்டிய செம்புக் குழாயை உட்சுவரிலும் சேர்த்துக் கட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் உலோகம் களைத்து வெடிக்கும். குழாய் எதன்மேல் போகிறதோ அதோடு மட்டும் கட்டி, எஞ்சினிலிருந்து உடலுக்குத் தாவும் இடத்தில் தொங்கலாக ஒரு ரப்பர் ஹோஸ் விடுவதுதான் முறை. அந்தத் தொங்கல் பார்க்க ஒழுங்கில்லாதது போலத் தோன்றும். அதை இறுக்கிக் கட்டி அழகுபடுத்தும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். தடுப்புத் தகட்டின் துளையிலும் ரப்பர் வளையம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகட்டு விளிம்பே கத்தியாகிவிடும்.

எந்த முனை எங்கே சேர வேண்டும் என்பதில் குழப்பம் கூடாது. ஹீட்டருக்குப் போவது பம்ப்பின் தள்ளும் பக்கத்திலிருந்து, திரும்புவது உறிஞ்சும் பக்கத்துக்கு. இந்த அழுத்த வேறுபாடுதான் ஒல்லிக் குழாயில் தண்ணீரை இழுத்துப் போகிறது. அழகுக்காக இரண்டு முனைகளையும் மேல் குழாயின் பக்கமே கொண்டுபோய்ச் சேர்த்தால், இரு முனையிலும் ஒரே அழுத்தம். தண்ணீர் நடுவில் சும்மா நிற்கும்.

ஹோஸுக்குள் ஓடும் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறைபனி இல்லாத ஊர் என்பதால் வெறும் பைப் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இங்கே பரவலாக இருந்தது. கூலன்ட்டில் இருக்கும் கிளைக்கால் (glycol) என்னும் ரசாயனம் தண்ணீர் உறையாமல் தடுப்பதற்கு. அது பாயா ரும்புட்டுக்குத் தேவையில்லைதான். ஆனால் அதோடு சேர்ந்து வரும் துருத்தடுப்பு மருந்து தேவை. வார்ப்பிரும்பு பிளாக், பித்தளை ரேடியேட்டர், செம்புக் குழாய், அலுமினிய மூடி என்று நான்கு உலோகங்கள் ஒரே தண்ணீரில் நிற்கின்றன. வெறும் தண்ணீர் அவற்றுக்கு நடுவே மெதுவாக ஒரு பேட்டரி போல வேலை செய்யும். புதிதாகச் செம்புக் குழாய் சேர்த்துப் பாதை மாற்றியவர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மறுபுறம், கிளைக்கால் அளவுக்கு மிஞ்சினாலும் நன்மையில்லை. பாதிக்குப் பாதி கலந்த கலவை, ஒரே எடைக்குத் தண்ணீரைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும்.

எல்லாம் பொருத்தியாயிற்று. இனி தண்ணீர் ஊற்றும் வேலை. பாதை மாற்றிய பலர் தோற்பது இங்கேதான். புதுப் பாதையில் ஹோஸ் எங்காவது ரேடியேட்டர் மூடியைவிட உயரமாக மேடு கட்டியிருந்தால் அங்கே காற்று அடைந்துகொள்ளும். காற்றுக் குமிழ் தண்ணீரின் வழியை மறிக்கும். கூடவே ஹெட்டுக்குள் ஒரு மூலையில் நீராவி தங்கி, அந்த இடத்து உலோகம் தனியாகக் காய்ந்துவிடும். அதனால் காரின் முன்பக்கத்தைச் சரிவில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டர் வால்வை முழுவதும் திறந்து, மூடியில்லாத ரேடியேட்டரில் மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். ஹீட்டர் ஹோஸின் உயரமான மூட்டைச் சற்றே தளர்த்தினால் முதலில் உஸ்ஸென்று காற்று, பிறகு நுரை, பிறகு கனமான தண்ணீர் வரும். அப்போது கிளிப்பை இறுக்கலாம்.

எஞ்சினைக் கிளப்பி மெதுவாக ஓட விட்டு, கையை ஹோஸ்களின் மேல் வைத்துப் பார்க்கலாம். ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் முதலில் சூடேறும். சிறிது நேரத்தில் திரும்பும் ஹோஸும் அதைப் பின்தொடரும். அது குளிர்ந்தே கிடந்தால் எங்கோ காற்று இருக்கிறது. ரேடியேட்டரின் மேல் குழாய் வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருந்து, திடீரென்று சில நொடிகளில் கை பொறுக்காத சூட்டுக்கு வரும். உள்ளே மெழுகு உருகி வழி திறந்துவிட்டது. அப்போதே மூடியைப் போட்டுவிட வேண்டும். அந்தக் காலத்து 7 பவுண்டு மூடி தண்ணீரை 111 பாகை வரை கொதிக்காமல் அடக்கி வைத்திருக்கும். சூடாக இருக்கும்போது அதைத் திருகித் திறந்தால் அடங்கியிருந்ததெல்லாம் ஒரே மூச்சில் முகத்தில் பாயும்.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, இரவு முழுவதும் ஆற விட்டு, விடிந்ததும் மூடியைத் திறந்தால் நீர்மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். எங்கும் ஒழுகவில்லை என்றால் அது மூலைகளில் ஒளிந்திருந்த காற்று வெளியேறி விட்டுப்போன இடம். அரைக் குவளை கூலன்ட் அதை நிரப்பிவிடும்.